கம்பைல் ஆன நிரல் இணைய மறுப்பது ஏன்? லிங்கர் பிழைகளைப் படிக்கும் முறை

பைத்தான், ரூபி போன்ற மொழிகளுக்காக சி அல்லது சி++ மொழியில் எழுதிய நீட்சியை, அதாவது அந்த மொழிக்குள் ஏற்றிப் பயன்படுத்தும் கூடுதல் தொகுதியை, கட்டும்போது (பில்ட் செய்யும்போது) இரண்டு வகைப் பிழைகள் வரும். மூல நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் சொல்லும் பிழைக்கு முகவரி உண்டு. கோப்பின் பெயர், வரி எண் இரண்டையும் காட்டிவிடும். அங்கே போய்த் திருத்தினால் தீர்ந்தது. அப்படி மாற்றிய கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் சொல்லும் பிழை அப்படியல்ல. எல்லாக் கோப்புகளும் கம்பைல் ஆகி முடிந்த பிறகு, வாயில் நுழையாத நீண்ட பெயர் ஒன்றைக் காட்டி, இதைக் காணவில்லை என்று நின்றுவிடும். சில சமயம் வரி எண்ணையும் சேர்த்துச் சொல்லும். போய்ப் பார்த்தால் அந்த வரியில் தவறு எதுவும் இருக்காது.

பொறுமை போவது இங்கேதான். பலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். எங்கோ படித்த ஆப்ஷன்களைக் கட்டளையில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கிறார்கள். ஏதோ ஒன்றில் சரியாகியும் விடும். எதனால் சரியானது என்று தெரியாததால், அடுத்த பதிப்பு வரும்போது அதே கோளாறு வேறு பெயரில் வந்து நிற்கும். லிங்கர் காட்டும் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கப் பழகிவிட்டால் இந்த அலைச்சல் பெருமளவு குறையும் என்பது என் உறுதியான கருத்து. என்ன வகைக் கோளாறு, யாரிடமிருந்து எது வராமல் போனது என்பதற்கான துப்பு பெரும்பாலும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கிறது. வேறு எங்கோ எழுதப்பட்ட ஃபங்ஷனை அந்தக் கோப்பு அழைத்தால், ஹெடர் கோப்பில் உள்ள அறிவிப்பை நம்பி மேலே போய்விடும். முடிவில் அது எழுதித் தரும் ஆப்ஜெக்ட் கோப்பில் எந்திரக் கட்டளைகளோடு ஒரு சிம்பல் அட்டவணையும் இருக்கும். என்னிடம் உள்ள பெயர்கள் இவை, எனக்கு வேண்டிய பெயர்கள் இவை என்பதே அதன் சாரம். எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும், ஏற்கெனவே கட்டிவைத்த ஃபங்ஷன்களின் தொகுப்புகளான லைப்ரரிகளையும் வாங்கி, கேட்கும் பெயரையும் கொடுக்கும் பெயரையும் பொருத்துவது லிங்கரின் வேலை. கேட்டவர் இருந்து கொடுப்பவர் இல்லாமல் போனால் ஒரு பிழை. ஒரே பெயரை இருவர் கொடுத்தால் இன்னொரு பிழை. ‘ஹெடரைச் சேர்த்திருக்கிறேனே, பிறகும் ஏன் காணவில்லை என்கிறது?’ என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். ஹெடர் தருவது வெறும் வாக்குறுதி. பொருள் லைப்ரரியிலோ வேறொரு ஆப்ஜெக்ட் கோப்பிலோ இருக்கிறது. அது லிங்கர் கட்டளையில் வந்து சேர வேண்டும்.

இந்த அட்டவணையைக் கண்ணால் பார்க்க முடியும். லினக்ஸிலும் மேக்கிலும் ‘என்எம்’ என்ற சிறு கருவி இருக்கிறது. ஆப்ஜெக்ட் கோப்பை அதற்குக் கொடுத்தால் பெயர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்தைப் போடும். பெரிய ‘யூ’ என்றால் இந்தப் பெயர் எனக்கு வேண்டும் என்று பொருள். பெரிய ‘டி’ என்றால் இந்த ஃபங்ஷன் என்னிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சின்ன ‘டி’ என்றால் இருக்கிறது, ஆனால் வெளியாருக்கு இல்லை. அதாவது ‘ஸ்டாட்டிக்’ என்று அறிவித்திருப்பார்கள், அல்லது லைப்ரரி தன் பெயர்களை மறைத்து வைத்திருக்கும். ‘இருக்கிறதே, என் கண்ணுக்குத் தெரிகிறதே’ என்று குழம்ப வைக்கும் பிழைகள் பலவற்றுக்கு இந்தப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமே விளக்கம். நீட்சியாகக் கட்டி முடித்த கோப்பில் பார்க்கும்போது, வெளியே தெரியும் பெயர்களை மட்டும் காட்டச் சொல்லும் ஆப்ஷனைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். விண்டோஸில் இதே வேலையை ‘டம்ப்பின்’ செய்கிறது.

அடுத்து, பிழை எந்தக் கட்டத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும். ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்று தொடங்கினால் பேசுவது லிங்கர். கட்டும் வேலை இன்னும் முடியவில்லை. ‘அன்டிஃபைன்டு சிம்பல்’ என்று பைத்தானின் ‘இம்போர்ட்எரர்’ சொன்னால் பேசுவது, நிரல் ஓடும்போது லைப்ரரிகளை நினைவகத்தில் ஏற்றும் இயங்குநேர லோடர். கட்டும் வேலை எப்போதோ வெற்றியாக முடிந்துவிட்டது. இரண்டும் கேட்க ஒன்றுபோல இருப்பதால் ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம்.

கட்டும்போது பிடிபடாமல் இம்போர்ட் செய்யும்போது மட்டும் ஒரு பெயர் எப்படிக் காணாமல் போகிறது? லினக்ஸில் பகிர்வு லைப்ரரி ஒன்றை (இயங்கும்போது ஏற்றப்படும் வகை; நீட்சியும் இதில் அடங்கும்) கட்டும்போது, தீர்க்கப்படாத பெயர்கள் மிச்சமிருந்தாலும் லிங்கர் ஆட்சேபிப்பதில்லை. இயங்கும்போது யாராவது கொடுப்பார்கள் என்று விட்டுவிடும். நீட்சிகளுக்கு இந்தச் சலுகை தேவைதான். பைத்தான் நீட்சி தனக்கு வேண்டிய பைத்தான் ஃபங்ஷன்களை, தன்னை ஏற்றிக்கொள்ளும் பைத்தான் நிரலிடமிருந்தே பெறுகிறது. 3.8 பதிப்பிலிருந்து யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் நீட்சிகள் பைத்தானின் சொந்த லைப்ரரியோடு நேரடியாக இணைக்கப்படுவதும் நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டும், விண்டோஸில் யூனிக்ஸ் சூழலைத் தரும் சிக்வின்னும் விதிவிலக்கு. மேக்கிலும் இதே சலுகையை ஓர் ஆப்ஷன் வழியாகக் கேட்டு வாங்குகிறார்கள். அங்கே பிழைச் செய்தி ‘ஃபிளாட் நேம்ஸ்பேஸில் சிம்பல் இல்லை’ என்று வரும். விண்டோஸில் சலுகை கிடையாது. எல்லாப் பெயருக்கும் கட்டும்போதே கணக்குக் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் ‘எல்என்கே 2019’ என்ற எண்ணோடு வேலை நின்றுவிடும். கட்டும்போதே கத்திவிடும் விண்டோஸ் முறையே நீட்சி எழுதுபவருக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

லினக்ஸின் இந்தத் தாராளத்துக்கு விலை உண்டு. ஃபங்ஷன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும், ஒரு லைப்ரரியைச் சேர்க்க மறந்தாலும், கட்டும் வேலை பச்சைக்கொடியோடு முடிந்துவிடும். இதைக் கட்டிய உடனே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ‘எல்டிடி’ கருவியை ‘ஆர்’ ஆப்ஷனோடு நீட்சிக் கோப்பின் மீது ஓட்டினால், தீராத பெயர்கள் எல்லாவற்றையும் கொட்டும். அவற்றில் ‘பை’ என்று தொடங்கும் பைத்தான் பெயர்கள் இருப்பது இயல்பு, விட்டுவிடலாம். மீதி நிற்பவைதான் வினை. பைத்தான் வழக்கமாக நீட்சியை ஏற்றும் அந்தக் கணத்திலேயே எல்லாப் பெயர்களையும் தீர்க்கச் சொல்கிறது. அதனால், அபூர்வமாக அழைக்கப்படும் ஒரு ஃபங்ஷனுக்கு உரிய பெயர் இல்லாமல் போனாலும் இம்போர்ட் மொத்தமும் தோற்றுவிடும். நடுவழியில் விழுவதைவிட வாசலிலேயே தடுப்பது நல்லதுதான்.

இனி, பெயரைப் படிக்கும் வேலைக்கு வருவோம்.

காணாமல் போன பெயர் ‘பை’ என்று தொடங்கினால் விவகாரம் பைத்தான் பதிப்பைச் சார்ந்தது. பைத்தான் 2 காலத்துப் பழைய நிரலை 3ல் கட்டினால் ‘பைஸ்ட்ரிங்_ஃப்ரம்ஸ்ட்ரிங்’ இல்லை என்று வரும். அந்த ஃபங்ஷன் பைத்தான் 3ல் இல்லை. இல்லாத ஃபங்ஷனை அழைத்தும் எப்படி அது கம்பைல் ஆனது? அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைப்பதை 1999ஆம் ஆண்டின் சி தரநிலையே நீக்கிவிட்டது. ஆனாலும் கம்பைலர்கள் வெகுகாலம் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு அனுமதித்தன. கிளாங் கம்பைலரின் 16, அடுத்து 2024ல் ஜிசிசி கம்பைலரின் 14 ஆகிய பதிப்புகளில்தான் அது முழுப் பிழையாயிற்று. எனவே பழைய கம்பைலரில் கட்டும்போது, ஓடி மறையும் எச்சரிக்கை வரிகளில் விடை ஏற்கெனவே அச்சாகியிருக்கும். பைத்தான் 2 காலத்தின் இன்னொரு தலைவலி, ‘யூசிஎஸ்2’ அல்லது ‘யூசிஎஸ்4’ என்ற துண்டு ஒட்டிய யூனிகோடு ஃபங்ஷன் பெயர்கள். பைத்தானைக் கட்டும்போது ஓர் எழுத்துக்கு எத்தனை பைட் என்று தேர்ந்தெடுத்ததற்கு ஏற்பப் பெயரே மாறும். ஒரு வகைப் பைத்தானுக்குக் கட்டிய நீட்சி மற்ற வகையில் ஏறாது. 2012ல் வந்த பைத்தான் 3.3 எழுத்துகளைச் சேமிக்கும் முறையை மாற்றியமைத்து இந்தப் பிளவை ஒழித்தது. ‘பைஇனிட்’ என்று தொடங்கும் பெயர் இல்லை என்றால் மட்டும் கதை வேறு. நீட்சியைக் கட்டும் விவரங்கள் உள்ள நிறுவல் கோப்பில் தந்த மாட்யூல் பெயரும், நிரலில் அந்தத் தொடக்க ஃபங்ஷனுக்கு வைத்த பெயரும் ஒத்துப்போகவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம்.

பெயர் அடிக்கோட்டில் தொடங்கி அடுத்ததாகப் பெரிய ‘இசட்’ வந்தால் அது சி++ பெயர். சி++ மொழியில் ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறிய கம்பைலர் பெயருக்குள் அளபுருக்களின் வகைகளையும் சேர்த்துப் பின்னிவிடுகிறது. ‘ஆட்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துப் பெயருடைய ஃபங்ஷன் ஒரு முழு எண்ணையும் ஒரு ‘டபுள்’ எண்ணையும் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சிம்பல் அட்டவணையில் அது இப்படி நிற்கும்: அடிக்கோடு, இசட், 3, ஆட், ஐ, டி. பெயரின் எழுத்து எண்ணிக்கை 3. ‘இன்ட்’ வகைக்கு ஐ. ‘டபுள்’ வகைக்கு டி. அதே ஃபங்ஷனை சி கம்பைலர் கட்டியிருந்தால் அட்டவணையில் வெறும் ‘ஆட்’ என்றுதான் இருக்கும். ஒரு பக்கம் சி, மறுபக்கம் சி++ என்று கட்டினால் இரண்டு பெயரும் ஒருபோதும் பொருந்தா. சி லைப்ரரியின் ஹெடரைச் சி++ கோப்பில் சேர்க்கும்போது ‘எக்ஸ்டர்ன் சி’ என்ற உறைக்குள் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆகவே, சி லைப்ரரியிலிருந்து வர வேண்டிய பெயர் பிழைச் செய்தியில் இசட்டோடு நின்றால், வேறெங்கும் தேட வேண்டியதில்லை. உறையைச் சரிபார்த்தால் போதும்.

பின்னிய பெயரைப் பிரித்துக் காட்ட ‘சி++ஃபில்ட்’ கருவி இருக்கிறது. பிரித்த பிறகு வகைகளை நிதானமாக ஒப்பிட வேண்டும். கேட்கும் பக்கம் ‘லாங்’, கொடுக்கும் பக்கம் ‘இன்ட்’ என்று இருந்தாலே அது வேறு ஃபங்ஷன். அறிவிப்பில் ‘கான்ஸ்ட்’ இருந்து வரையறையில் விடுபட்டாலும் பல இடங்களில் அதே கதி. அழைப்பவர் பார்த்த ஹெடர் ஒரு பதிப்பு, இணைத்த லைப்ரரி இன்னொரு பதிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் லைப்ரரிக்கான நீட்சிகளில் அடிக்கடி வரும் பிழைப் பெயரில் இசட், என், 3 என்ற எழுத்துகளுக்குப் பிறகு ‘சி10’ என்று நிற்கும். அது பைடார்ச்சின் உள் நேம்ஸ்பேஸ், அதாவது பெயர்களைத் தொகுத்து வைக்கும் பிரிவு. நீட்சியைக் கட்டியபோது இருந்த பைடார்ச்சும் இப்போது ஓடும் பைடார்ச்சும் வேறு என்பதே பெரும்பாலும் காரணம். இது தெரியாமலே நடந்துவிடக்கூடியது. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் தன் வழக்கப்படி ஒரு தனிச் சூழலை உருவாக்கி, கட்டுவதற்கு வேண்டிய தொகுப்புகளை அங்கே புதிதாக இறக்கிக்கொள்கிறது. நம் சூழலில் உள்ள பதிப்பை அது பார்ப்பதே இல்லை. அந்தத் தனிமைப்படுத்தலை நிறுத்தச் சொல்லும் ஆப்ஷனைக் கொடுத்தால், ஓடப்போகும் பதிப்போடேயே நீட்சி கட்டப்படும்.

பெயருக்குள் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற துண்டு இருந்தால் 2015க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வந்த ஜிசிசி 5, சி++11 தரநிலையின் நிபந்தனைகளுக்காக ஸ்ட்ரிங், லிஸ்ட் ஆகியவற்றின் உள்ளமைப்பை மாற்றியது. பழையதும் புதியதும் நினைவகத்தில் வேறு வேறு வடிவம் கொண்டவை. இரண்டும் கலந்து விபரீதம் நேராமல் இருக்கவே புதியவற்றின் பெயரில் இந்த அடையாளத்தைச் சேர்த்தார்கள். பிழையில் இந்தத் துண்டு தெரிந்தால், ஒரு பக்கம் புதிய வடிவத்திலும் மறுபக்கம் பழைய வடிவத்திலும் கட்டப்பட்டிருக்கிறது. வடிவத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மேக்ரோ, அதாவது கட்டும்போது கம்பைலருக்குத் தரும் பெயரிட்ட மதிப்பு, இருக்கிறது. இரு பக்கமும் அதற்கு ஒரே மதிப்பு இருந்தாக வேண்டும். மௌனமாக நினைவகத்தைச் சிதைத்திருக்கக்கூடிய ஒன்றை இந்தப் பிழை தடுத்து நிறுத்துகிறது. அதற்காக லிங்கருக்கு நன்றி சொல்லலாம்.

‘வீடேபிள்’ (ஒரு வகுப்பின் விர்ச்சுவல் ஃபங்ஷன்களுக்கான அட்டவணை) இல்லை என்று வந்தால், அந்த வகுப்பில் அறிவித்த ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷனுக்கு உடல் எழுதப்படவில்லை, அல்லது உடல் இருக்கும் கோப்பு கட்டும் பட்டியலில் இல்லை. விண்டோஸில் பெயரின் முன்னால் ‘இம்ப்’ என்ற ஒட்டு இருந்தால், டிஎல்எல் என்ற விண்டோஸ் பகிர்வு லைப்ரரியிலிருந்து வரும் என்று ஹெடர் சொல்லிவிட்டது, உரிய இம்போர்ட் லைப்ரரியை நாம் சேர்க்கவில்லை. அல்லது அதன் ஸ்டாட்டிக் பதிப்பை, அதாவது கட்டும்போதே நீட்சிக்குள் சேர்ந்துவிடும் வகையை, சேர்த்துவிட்டோம்.

அலங்காரம் எதுவுமில்லாத வெறும் சி பெயர் காணாமல் போயிருந்தால், முதலில் நம் சொந்தக் கோப்புகளையே சந்தேகிக்க வேண்டும். புதிதாக ஒரு சி கோப்பை எழுதி, அதை நிறுவல் கோப்பின் மூலப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது நான் பார்த்தவரை மிக அடிக்கடி நடப்பது. அந்தப் பெயர் நம்முடையதல்ல, வெளி லைப்ரரியுடையது என்றால், லைப்ரரி கட்டளையில் இருக்கிறதா என்பதோடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வரிசை விஷயம் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் தர்க்கம் எளியது. குனு லிங்கர் கட்டளையை இடமிருந்து வலமாக ஒரே ஒருமுறை படித்துச் செல்கிறது. ஸ்டாட்டிக் லைப்ரரி ஒன்றைச் சந்திக்கும்போது, அதுவரை தீராமல் நிற்கும் பெயர்களுக்கு விடை உள்ள பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டுவிடும். லைப்ரரியை முதலில் எழுதி ஆப்ஜெக்ட் கோப்பைப் பின்னால் எழுதினால், லைப்ரரி வரும்போது தீராத பெயர் ஒன்றும் இருக்காது. எதையும் எடுக்காமல் கடந்துபோகும். பிறகு ஆப்ஜெக்ட் கோப்பு வந்து கேட்கும்போது கொடுக்க ஆளிருக்காது. கட்டளையில் லைப்ரரியின் பெயர் கண்ணெதிரே நிற்க, லிங்கர் இல்லை என்று சாதிப்பது இதனால்தான். தேவைப்பட்டால் மட்டும் சேர் என்ற ஆப்ஷன் இயல்பாகவே இயங்கும் இடங்களில் பகிர்வு லைப்ரரிகளுக்கும் இதே கதி. உபுண்டு லினக்ஸில் 11.10 பதிப்பு முதல் அது இயல்பு.

பைத்தான் நீட்சிகளைக் கட்டும் செட்டப்டூல்ஸ் கருவியில் இது நுட்பமாகக் கடிக்கிறது. ‘எல்டிஃபிளாக்ஸ்’ என்ற சூழல் மாறியில் லைப்ரரிப் பெயரை எழுதினால் அது கட்டளையின் முற்பகுதியில், ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் போய் உட்காரும். நிறுவல் கோப்பில் ‘லைப்ரரீஸ்’ என்ற பட்டியலில் எழுதினால் பின்னால் வரும். லைப்ரரி இருக்கும் அடைவைச் சொல்ல முதலாவது போதும். லைப்ரரியின் பெயரைச் சொல்ல இரண்டாவதே சரியான இடம். ஒன்றையொன்று கேட்கும் இரண்டு ஸ்டாட்டிக் லைப்ரரிகளை ஒரு குழுவாக அறிவித்தால் லிங்கர் திரும்பத் திரும்பத் தேடும். எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவிக் குடும்பத்தின் ‘எல்எல்டி’ லிங்கர் கடந்துவந்த லைப்ரரிகளின் பெயர்களை நினைவில் வைத்திருப்பதால், ஒருவர் கணினியில் கட்டப்படும் திட்டம் இன்னொருவர் கணினியில் தோற்பதும் உண்டு.

பெயரோடு பதிப்பு எண்ணும் சேர்ந்து, ‘ஜிலிப்சி 2.34’ இல்லை என்று வந்தால் நிரலில் குற்றமே இல்லை. ஜிலிப்சி எனப்படும் குனு சி லைப்ரரி தன் ஒவ்வொரு சிம்பலுக்கும் பதிப்பு முத்திரை இடுகிறது. 2021 ஆகஸ்டில் வந்த 2.34 உள்ள புதிய கணினியில் கட்டிய நீட்சி, பழைய கணினியில் அந்த முத்திரையைத் தேடித் தோற்கிறது. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். மறுதலை பொதுவாக நடக்காது. அதனால்தான் பைத்தான் உலகில், பழைய அடித்தளத்தில் கட்டிப் பல லினக்ஸ்களிலும் ஓடவைக்கும் மெனிலினக்ஸ் என்ற ஏற்பாடு வந்தது. மெனிலினக்ஸ்2014, சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் இருந்த ஜிலிப்சி 2.17 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.30’ இல்லை என்று வந்தால் அது சி++ இயங்குநேர லைப்ரரி, ஜிசிசி 12 காலத்தது. கணினியில் புதியது இருந்தும் இப்படி வந்தால், காண்டா போன்ற தொகுப்பு மேலாண்மைக் கருவியின் சூழல் ஒன்று தன் பழைய பிரதியை முந்திக்கொண்டு ஏற்றியிருக்கலாம். எந்தப் பிரதி ஏறுகிறது என்பதை ‘எல்டிடி’ காட்டும்.

ஒரே பெயரை இருவர் கொடுக்கும் பிழை, பழைய சி நிரல்களில் 2020க்குப் பிறகு திடீரென்று பெருகியது. ஹெடரில் ‘எக்ஸ்டர்ன்’ (வரையறை வேறு இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சொல்) இல்லாமல் எழுதிய பொது மாறிகளை அதுவரை ஜிசிசி ஒன்றாக்கிக்கொண்டிருந்தது. 10ஆம் பதிப்பில் அந்த இயல்பு மாறியது. பழைய இயல்பைத் திரும்பக் கேட்கும் ஆப்ஷன் இருந்தாலும், ஹெடரில் ‘எக்ஸ்டர்ன்’ சேர்த்து ஒரே கோப்பில் வரையறுப்பதே முறை.

மேக்கில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். 2020 இறுதியில் ஏஆர்எம் சில்லுக்கு ஆப்பிள் மாறிய பிறகு, இன்டெல்லுக்குக் கட்டிய லைப்ரரிகள் பலருடைய கணினிகளில் தங்கிவிட்டன. லிங்கர் அத்தகைய லைப்ரரியைக் கண்டால், வேறு கட்டமைப்புக்கு உரியது, ஒதுக்குகிறேன் என்று எச்சரிக்கை விட்டு நகர்ந்துவிடும். அதன்பின் அந்த லைப்ரரி தர வேண்டிய பெயர்கள் எல்லாம் காணவில்லை என்று பக்கம் பக்கமாக வரும். கடைசி வரியை மட்டும் படிப்பவர் காணாமல் போன பெயர்களின் பின்னாலேயே ஓடுவார்; காரணமோ அவற்றுக்கு மேலே ஒற்றை வரியில் இருக்கும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கட்டுவது சரியாகும் தருணமும் ஒன்று உண்டு. செட்டப்டூல்ஸ், மூலக் கோப்புகள் மாறினால்தான் நீட்சியை மறுபடி கட்டுகிறது. ஹெடர்களைச் சார்புப் பட்டியலில் எழுதாமல் விட்டிருந்தால், ஹெடர் மாறியது அதற்குத் தெரியாது. பழைய கோப்பே தங்கிவிடும். மூலத்தில் ஒரு பெயரும் பிழையில் அதன் பழைய பெயரும் தெரிந்தால் ‘பில்ட்’ அடைவை அழித்துவிட்டுக் கட்டலாம். கையோடு ஹெடர்களையும் சார்புப் பட்டியலில் எழுதிவிட்டால் அது திரும்ப நிகழாது.

தானியங்கிச் சோதனையில் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் திட்டங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. லினக்ஸில் கட்டி முடிந்தது என்பது பெயர்கள் பொருந்தியதற்குச் சான்றாகாது என்பதால், கட்டிய தொகுப்பை வேறொரு வெறும் சூழலில் நிறுவி, மூல அடைவுக்கு வெளியே நின்று ஒருமுறை இம்போர்ட் செய்யும் ஒற்றை வரியைச் சோதனையில் சேர்க்க வேண்டும். மூல அடைவுக்குள்ளேயே நின்று செய்தால், நிறுவிய தொகுப்புக்குப் பதிலாகப் பக்கத்தில் கிடக்கும் பழைய கோப்பைப் பைத்தான் ஏற்றிவிடக்கூடும்.